பூட்டிக் கிடந்த வீட்டில் சிங்க் ஒழுக்கு: மட்டக்களப்பில் திருத்தும்போது கவனிக்க வேண்டியவை

வெளிநாட்டிலிருந்து வந்து, வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து குசினிக் குழாயைத் திருகினால், பல வீடுகளில் முதலில் நனைவது சிங்குக்குக் கீழே உள்ள தட்டுத்தான். பைப் வெடித்திருப்பது அரிது. பொட்டில் ட்ரப்பில் (சிங்குக்குக் கீழே தண்ணீர் தேங்கி நின்று நாற்றத்தை மறிக்கும் போத்தல் வடிவப் பாகம்) நின்ற தண்ணீர் வற்றி, றப்பர் வொஷர் காய்ந்து இறுகிவிடுவதுதான் வழக்கமான காரணம். தண்ணீர் வற்றிய ட்ரப் வழியாகக் கழிவுநீர்க் குழியின் நாற்றமும் கரப்பானும் மேலே வரும்.

ஆளைக் கூப்பிடுமுன் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்துவிடுங்கள். எல்லாப் பொருத்துகளையும் துணியால் துடைத்து, கீழே பழைய பத்திரிகை விரியுங்கள். குழாயைத் திறக்காமலே தாள் நனைந்தால், தண்ணீர் கொண்டுவரும் ஹோஸில் பிழை. அடைப்பைப் போட்டு சிங்கை நிரப்பி வைத்திருக்கும்போது சொட்டினால், சிங்கின் வாயில் இருக்கும் வேஸ்ட் பொருத்துத் தளர்ந்திருக்கிறது. அடைப்பை எடுத்த பிறகு மட்டும் சொட்டினால் ட்ரப், அல்லது அதற்கு அப்பால்.

திருமலை வீதியிலோ காத்தான்குடியிலோ ஹாட்வெயார் கடையில் விசாரித்தால் வேலை தெரிந்த ஆளைச் சொல்வார்கள். கட்டட வேலையில் நாள் சம்பளத்துக்கு நிற்பவர் என்றால் பின்னேரம்தான் வருவார். வெள்ளி நண்பகலில் ஜும்மாவுக்காகக் காத்தான்குடி, கல்முனைப் பக்கம் கடைகள் பூட்டியிருக்கும்; சாமானை முன்னதாகவே வாங்கிவிடுங்கள். கூலியையும் சாமான் விலையையும் தனித்தனியாகப் பேசுவது இரு பக்கத்துக்கும் நல்லது.

கழற்றிய துண்டைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். ஒன்றேகால் அங்குல வொஷரும் ஒன்றரை அங்குல வொஷரும் கண்ணுக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியாது. மாறிப் போட்டால் ஒழுகும். கனடாவிலிருந்து ஹோஸ் கொண்டுவருவதில் பயனில்லை. அங்கே வால்வுப் பக்கம் பெரும்பாலும் 3/8 அங்குலம், இங்கே வழக்கம் அரை அங்குலப் பிரித்தானியப் புரி.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஈரமான பொருத்தின் மேல் சிலிக்கன் பூசிவிட்டுப் போவது திருத்தமே அல்ல. ஈரத்தில் அது பிடிக்காது, கொஞ்ச நாளில் உரிந்து வரும். அதைவிட மோசம், ட்ரப்பின் நட்டுக்குள்ளே பைப் கம் (பீவீசீ பைப் ஒட்டும் பசை) பூசி ஒட்டுவது. ட்ரப் கழற்றிக் கழுவுவதற்காகவே இருப்பது. மீன் செதில், அரிசிக் குறுணி, தேங்காய்ப்பால் கொழுப்பு எல்லாம் அதன் அடிக் கிண்ணத்தில்தான் தங்கும். ஒட்டிவிட்டால் அடுத்த முறை அழுக்கு அடைக்கும்போது அறுக்கத்தான் வேண்டும். “கம் வேண்டாம் அண்ணன், புது வொஷர் போடுங்க” என்று தயங்காமல் சொல்லுங்கள்.

ட்ரப்பைத் திரும்பப் பூட்டும்போது பைப்பில் முதலில் நட்டு, பிறகு வொஷர். கூம்பு வொஷரின் மெல்லிய பக்கம் ட்ரப்பின் வாயைப் பார்க்க வேண்டும், தட்டையான பக்கம் நட்டை. கையால் இறுக்கி, பிறகு கால் சுற்று. அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக் நட்டு வெடிக்கும். வொஷர் அடைக்கும் நட்டுக்கும் ஹோஸின் நட்டுக்கும் திரெட் டேப் தேவையில்லை. சுவரில் வரும் அரை அங்குலப் புரிக்குத்தான் டேப், அதையும் நட்டு இறுகும் திசையிலேயே சுற்ற வேண்டும்.

சுவருக்குப் போகும் பைப் கழன்றிருந்தால் அங்கே கம் சரி. நேராக அறுத்து, பிசிறு எடுத்து, நன்றாகக் காயவைத்து, இரு பக்கமும் பூசி, கால் சுற்றுத் திருப்பித் தள்ளி, அரை நிமிடம் பிடியுங்கள். சில மணி நேரம் தண்ணீர் விடக்கூடாது. பைப்புக்கு 40 அங்குலத்துக்கு 1 அங்குலச் சரிவு கொடுங்கள். சுருள் பைப் போட்டால் நடுவில் தொங்கி, அந்த வளைவில் அழுக்குத் தேங்கும்.

கொதிக்கும் வடிகஞ்சியை நேரே சிங்கில் ஊற்றும் வீடுகளில் பொருத்துகள் திரும்பத் திரும்பத் தளரும். 60 பாகைக்கு மேற்பட்ட சூடு பீவீசீயை இளக்கும். கார்த்திகை, மார்கழி மழையில் நிலத்தடி நீர் ஏறிக் குழி நிரம்பினாலும் தண்ணீர் சிங்கில் நிற்கும். அப்போது ட்ரப்பைக் கழற்றிப் பயனில்லை, வெளிக் குழியைப் பாருங்கள்.

திரும்பிப் போகும் நாளில் தாங்கியின் கேற் வால்வைப் பூட்டி, குழாயைத் திறந்து பைப்பில் உள்ள தண்ணீரை வடிய விட்டு, குழாயை மூடுங்கள். பிறகு ட்ரப் நிறைய ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, மேலே 2 மேசைக்கரண்டி சமையல் எண்ணெய் விட்டு, சிங்கின் அடைப்பைப் போடுங்கள். எண்ணெய்ப் படலம் ஆவியாவதைத் தாமதப்படுத்தும். வொஷரும் ஈரமாகவே இருக்கும்.