காசு எண்ண இயந்திரமா, எண்ணிக்கைத் தராசா?

பெருந்துறையில் பேருந்து ஏறும் இடத்தை ஒட்டித்தான் எங்கள் பேக்கரி. டீக்கும் பன்னுக்கும் ஜிபே வந்துவிட்டாலும், இரவு கல்லாவைக் கவிழ்த்தால் மூன்று கிலோவுக்குக் குறையாமல் காசு இருக்கும். நானும் வீட்டுக்காரியும் எண்ணி முடிக்கப் பதினொன்று ஆகிவிடும். அதற்கு ஒரு வழி தேடியபோது கையில் இருந்தவை இரண்டு: காசைப் பிரித்து எண்ணும் இயந்திரம், அல்லது திருப்பூரில் பட்டன், ஜிப் விற்கிற கடைகளில் இருக்கும், எடையை வைத்தே எத்தனை என்று காட்டும் எண்ணிக்கைத் தராசு. தராசைத்தான் வாங்கினேன். எட்டு மாதம் ஆகிறது.

வேகத்தில் இயந்திரத்தை அடித்துக்கொள்ள முடியாது. கொட்டினால் போதும், சடசடவென்று குழாய் குழாயாக விழும். ஈரோட்டில் மச்சினன் கடையில் ஒரு வாரம் கூட இருந்து பார்த்தேன். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் தினமும் கணக்கு இடித்தது. "மெசினு பொய் சொல்லாதுங் மாமா, நம்மகிட்டத்தான் எங்கியோ தப்பு" என்றான். இரண்டு ரூபாய்க் குழாயை மேசையில் கொட்டினேன். கட்டைவிரல் படம் போட்ட பழைய ஒரு ரூபாய், 2011 வரிசை இரண்டு ரூபாய், மஞ்சளாக மின்னும் புது ஐந்து ரூபாய் மூன்றும் ஒன்றாகக் கிடந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் விளிம்பு பிசகவில்லை. மூன்றுக்குமே விட்டம் 25 மில்லிமீட்டர்.

அந்த வகை இயந்திரம் பார்ப்பது விட்டத்தை மட்டும்தான். நம் நாட்டில் பழைய வரிசையும் புது வரிசையும் ஒன்றாகப் புழங்குகின்றன. 2019 வரிசை இரண்டு ரூபாயும் பழைய ஐந்து ரூபாயும் 23 மில்லிமீட்டர். இரண்டு விரல் படம் போட்ட இரண்டு ரூபாய் 27. பத்து ரூபாயும் அதே 27. இதை எந்தச் சல்லடை பிரிக்கும்? உலோகத்தையும் உணர்கிற விலை உயர்ந்த இயந்திரங்களும் உண்டு. அவற்றை நான் ஓட்டிப் பார்த்ததில்லை, அதனால் அவற்றைக் குறை சொல்ல மாட்டேன்.

தராசும் தானாகப் பிரிக்காது. அந்தக் கட்டைவிரல் ஒரு ரூபாயும் 2011 இரண்டு ரூபாயும் எடையிலும் ஒன்றுதான், 4.85 கிராம். கையால் வகை பிரித்தே ஆகவேண்டும். எங்களுக்கு இருபது நிமிடம் பிடிக்கிறது. ஆனால் கண் படத்தையும் நிறத்தையும் பார்த்துவிடுகிறது. பிரித்தபின் எண்ணும் வேலை இல்லை. பத்துக் காசை வைத்து எடையைப் பழக்கிவிட்டால், குவியலைக் கொட்டியதும் எண்ணிக்கை வந்துவிடும்.

ஒன்று கவனியுங்கள், நூறு நூறாக நிறுங்கள். பத்து ரூபாய்க் காசில் பழையது 7.71 கிராம், புதியது 7.74. நூறு காசில் மூன்று கிராம்தான் வித்தியாசம், அரைக் காசு எடைகூட இல்லை. முந்நூறை ஒரேயடியாகக் கொட்டினால் ஒன்பது கிராம். ஒரு காசு கூடவோ குறையவோ காட்டிவிடும். ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாய்களில் வரிசைக்கு வரிசை எடை ரொம்பவே மாறும், தனித்தனியாகத்தான் போடவேண்டும். நூறு காசுப் பொட்டலம் வங்கிக்கும் வசதி. ரிசர்வ் வங்கியே அப்படிக் கட்டித் தருவதைத்தான் சொல்கிறது.

எங்களுக்குப் பெரிய உதவி பத்து ரூபாய்க் காசில்தான். 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொல்லியாகிவிட்டது. இன்னமும் "நோட்டாவே குடுத்துருங்" என்கிறவர்கள் அதிகம். தேங்கியதைப் பொட்டலம் கட்டி வங்கியில் கட்டிவிடுகிறோம்.

பராமரிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மைதாத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் உள்ள கடையில் தராசுத் தட்டை ஈரத்துணியால் துடைத்தால் முடிந்தது. மின்விசிறிக்கு நேர்கீழே மட்டும் வைக்காதீர்கள், எண் நிற்காமல் ஆடும்.

இயந்திரம்தான் வேண்டும் என்பவர்கள், வாங்கப் போகும்போது கட்டைவிரல் ஒரு ரூபாய், 2011 இரண்டு ரூபாய், மஞ்சள் ஐந்து ரூபாய் மூன்றையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்த மூன்றையும் போட்டுப் பாருங்கள்.