மரம் சீவும் பேனாக்கத்திக்கு 1000/6000 தீட்டுகல்: கல் அருமை, கூட வரும் கிளிப் வேண்டாம்

பேனாக்கத்தியால் ஸ்பூன், பறவை, சின்னச் சின்ன பொம்மை என்று மரம் சீவுகிறவர்களுக்காக மட்டும் எழுதுகிறேன். காய்கறிக் கத்திக்கு இது எப்படி என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 6000 கிரிட் (எண் கூடக் கூடக் கல் சன்னம்), தண்ணீரில் ஊறவைத்துத் தீட்டும் கல், அடியில் மூங்கில் கட்டை. ஆன்லைனில் பல பெயர்களில் விற்கிறார்கள். சேலத்து ஹார்டுவேர் கடைகளில் பெரும்பாலும் கறுப்பு கார்போரண்டம் கல்லைத்தான் எடுத்துத் தருவார்கள், விளிம்பு உடைந்த அலகைச் சரிசெய்ய அது போதும், ஆனால் மரம் சீவும் கூர் அதோடு வராது. தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் அரிவாளைத் தாராளமாகக் கொடுங்கள், பேனாக்கத்தியைக் கொடுக்காதீர்கள். அலகு மெல்லியது, பொறி பறக்கும்போது விளிம்பு சூடேறி எஃகின் பதம் இறங்கிவிடும், அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

என்னுடையது விக்டோரிநாக்ஸ். எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 56தான், கொஞ்சம் மென்மையான எஃகு, அதனால் 1000 பக்கத்தில் சீக்கிரமே பிசிர், அதாவது விளிம்பில் மறுபக்கமாக மடங்கும் மெல்லிய எஃகு இழை, எழுகிறது. அலகின் அடி முதல் நுனி வரை மறுபக்கத்தில் பிசிர் விரலில் தட்டுப்பட்டால்தான் கத்தியைத் திருப்ப வேண்டும். நுனிப்பக்கம் விட்டுப்போனால் அங்கே இன்னும் மழுங்கல் இருக்கிறது என்று அர்த்தம். 6000 பக்கம் வெண்ணெய் மாதிரி வழுக்குகிறது, பிசிரைச் சன்னமாக்கிவிடுகிறது. கல்லுக்கு முழு மதிப்பெண்.

கூடவே வரும் பிளாஸ்டிக் கிளிப்தான் மோசம். கத்தி முதுகில் மாட்டினால் கோணம் தானாக அமையும் என்கிறார்கள், அது அகலமான சமையல் கத்திக்கு. முதுகை ஒரு சென்டிமீட்டர் தூக்கினால் 4 சென்டிமீட்டர் அகல அலகில் சுமார் 15 டிகிரி வரும், அதே உயரம் ஒன்றரை சென்டிமீட்டர் பேனாக்கத்தியில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தக் கோணத்தில் மரம் சீவவே முடியாது. நமக்கு ஒரு பக்கத்துக்கு 15 டிகிரி போதும், கையாலேயே பிடித்துப் பழகுங்கள். மடக்குக் கத்திகள் பலவற்றில் பூட்டு கிடையாது, நுனியை அழுத்தினால் விரல்மேல் மடங்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லோடு நிறுத்தாதீர்கள். மரம் சீவுகிறவருக்குக் கல்லைவிட வார், அதாவது விளிம்பை இழுத்துச் சீராக்கும் தோல், தான் அடிக்கடி வேண்டும். ஒரு தோல் துண்டைப் பலகையில் ஒட்டி, பச்சை பாலிஷ் கட்டியைத் தேய்த்துக்கொண்டால் போதும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைகளுக்குப் பாலிஷ் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். முதுகு முன்னால் போக, விளிம்பு பின்னால் வர இழுக்க வேண்டும், மாறி இழுத்தால் தோல் அறுந்துவிடும்.

கூர் வந்ததா என்று பேப்பரை வெட்டிப் பார்ப்பதைவிட, ஏற்காட்டு எஸ்டேட்களில் கிளை கழிக்கும்போது கிடைக்கும் சில்வர் ஓக் துண்டின் குறுக்கு முகத்தை, அதாவது நாருக்குக் குறுக்கே அறுத்த முனையை, சீவிப் பாருங்கள். முகம் பளபளவென்று இருந்தால் சரி. வெள்ளைக் கோடு விழுந்தால் விளிம்பில் அந்த இடத்தில் பல் விழுந்திருக்கிறது, திரும்ப 1000-க்குப் போங்கள். நார் பிய்ந்து வந்தால் வாரில் இன்னும் கொஞ்சம் இழுங்கள்.

தீட்டி முடித்ததும் மடக்கும் மூட்டைத் தண்ணீரில் அலசி, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், கல் சேறு உள்ளே தங்கினால் மூட்டு தேய்ந்துவிடும். கல் நடுவில் குழி விழுந்தால் கண்ணாடிமேல் நீர்ப்பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) விரித்துத் தேய்த்துச் சமப்படுத்தலாம். கிளிப் இல்லாமல் குறைந்த விலைக்குக் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.