கீழ்த்தாடையில் ரெண்டே பல் மிச்சம்: பிடுங்கலாமா, வைத்துக்கொண்டே செட் கட்டலாமா?

வயதானவர்கள் வாயில் கடைசிவரை தாக்குப்பிடிப்பது பெரும்பாலும் கீழ்க் கோரைப்பற்கள்தான், வேர் நீளம். "ரெண்டு பல்லுக்காக எதுக்கு மல்லுக்கட்டணும், எல்லாத்தையும் எடுத்துட்டு ஃபுல் செட் போட்டுடலாம்" என்று வீட்டில் முடிவெடுப்பதும் அந்தக் கட்டத்தில்தான். என் கட்சி வேறு.

ஃபுல் செட்டின் பலம் செலவு குறைவு, வேலை சீக்கிரம் முடியும், அவ்வளவுதான். மேல்செட் அண்ணத்தில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், பிரச்சினை குறைவு. கீழ்செட்டுக்கு அந்த வசதி இல்லை. நடுவில் நாக்கு வேறு தள்ளிக்கொண்டே இருக்கும். அதைவிடப் பெரிய தலைவலி, பல்லை எடுத்ததும் தாடை எலும்பு கரைய ஆரம்பிப்பது, அதுவும் கீழ்த்தாடையில் மேலே கரைவதைப்போல சுமார் 4 மடங்கு. இன்று கச்சிதமாக உட்காரும் செட் சில வருஷத்தில் லொடலொடக்கிறது என்றால் காரணம் இதுதான்.

ஓவர்டென்ச்சர் என்பது அந்த ரெண்டு பல்லுக்கும் வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்து, ஈறுக்கு மேல் 2, 3 மி.மீ. மட்டும் விட்டு வெட்டி, மழமழவென்று உருட்டி அடைத்து, அதன்மேல் செட்டை உட்காரவைப்பது. வேர் உள்ளே இருக்கிறவரை அதைச் சுற்றிய எலும்பும் தங்கும். 1978-ல் வெளியான 5 வருஷ ஆய்வு ஒன்றில், கோரைப்பல் வேர்களை வைத்திருந்தவர்களுக்குக் கீழ்த்தாடை முன்பக்க எலும்பு சராசரியாக 0.6 மி.மீ. குறைந்தது, ஃபுல் செட்காரர்களுக்கு 5.2 மி.மீ. கடிக்கும் அழுத்தத்தை உணர்கிற நரம்புகள் வேரைச் சுற்றித்தான் இருக்கின்றன, ஆக மெல்லும்போது 'பல்லால் மெல்லுகிற' உணர்வும் மிஞ்சும். லேசாக ஆடுகிற பல்கூட, மேல்பாகத்தை வெட்டியதும் நெம்புதல் குறைந்து ஓரளவு நிலைக்கும்.

ஆனால் பராமரிப்பில் கோட்டைவிட்டால் எல்லாம் போச்சு. செட்டுக்கு அடியில் மூடிக்கிடக்கிற வேர் சீக்கிரம் சொத்தையாகும், ஈறும் வீங்கும். தினமும் அந்த மொட்டைப் பல்லைத் தேய்க்க வேண்டும், டாக்டர் சொன்னபடி ஃப்ளோரைடு ஜெல் போட வேண்டும், ராத்திரி செட்டைக் கழற்றிவிட வேண்டும். கை நடுக்கமோ மறதியோ உள்ளவர், கூடமாட உதவ ஆளும் இல்லை என்றால் நானே இதைச் சிபாரிசு செய்யமாட்டேன். அப்புறம், வேருக்கு மேலே செட் மெல்லிசாகி அங்கேயே விரிசல் விடலாம், உள்ளே உலோக வலை வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

இம்ப்ளாண்ட், அதாவது தாடை எலும்பில் பதிக்கிற உலோகத் திருகு? பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு ரெண்டு இம்ப்ளாண்ட் வைத்த செட்தான் முதல் தேர்வு என்று 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள். சொத்தை பயம் கிடையாது, பிடிமானம் அருமை. செலவும் அறுவைச் சிகிச்சையும் எலும்போடு சேரும்வரை சில மாதக் காத்திருப்பும் உண்டு. கட்டுக்கடங்காத சர்க்கரை, தாடையில் கதிர்வீச்சு வாங்கியவர் என்றால் யோசிக்கணும். எலும்புத் தேய்மானத்துக்கு ஜோலெட்ரோனிக் மாதிரி ஊசி போடுபவர்களுக்குப் பல் பிடுங்குவதிலேயே ஆபத்து இருக்கிறது, முதலிலேயே பல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு வேரை விட்டுவைப்பது இன்னும் பொருத்தம்.

எக்ஸ்ரேயில் வேரைச் சுற்றி எலும்பு நன்றாக இருந்தால் என் ஓட்டு ஓவர்டென்ச்சருக்கு. நாளைக்கு ஒரு வேர் கெட்டுப்போனாலும் அதை மட்டும் எடுத்துவிட்டு, செட்டில் அந்த இடத்துக் குழியை நிரப்பி பெரும்பாலும் அதே செட்டையே ஓட்டலாம். எலும்பு மிஞ்சியிருப்பதால் இம்ப்ளாண்டும் அப்போது வைத்துக்கொள்ளலாம். பிடுங்கிய பல்லைத் திரும்ப நட முடியாது.