வகிடு அகலமான மாதங்களில் கைகொடுத்த ஹேர் ஃபைபர் பவுடர்

எடை குறைக்க இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து மூன்றரை மாதத்தில் எனக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பைத் தொடவே பயம். எடை குறைகிற சந்தோஷத்தைக்கூட அனுபவிக்க விடாமல் வகிடு அகலமாகிக்கொண்டே போனபோது வாங்கியதுதான் இந்தக் கெரட்டின் ஹேர் ஃபைபர் பவுடர். ஐந்து மாதமாகப் போடுகிறேன்.

இது மருந்து இல்லை. பொடிப்பொடியான நார்கள் நிலைமின்சாரத்தால் இருக்கிற முடியில் ஒட்டிக்கொண்டு அடர்த்தியாகக் காட்டும், அவ்வளவுதான். முடியே இல்லாத இடத்தில் ஒட்டாது. ஆனால் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட நமக்கு வரும் உதிர்வு பெரும்பாலும் திட்டுத் திட்டாக இல்லாமல் தலை முழுக்கப் பரவலாக மெலிவது என்பதால் நன்றாகவே பொருந்துகிறது. தலை முழுக்கக் காய்ந்த பிறகு வகிட்டில் கொஞ்சமாகத் தூவி விரலால் மெல்லத் தட்டினால் போதும், ஈரத்தில் போட்டால் கட்டி கட்டியாகிவிடும், எண்ணெய்த் தலையிலும் அப்படியே. நிறத்தை முடியின் நுனியைப் பார்க்காமல் வேர்ப்பகுதியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நன்றாக வியர்த்தால் நெற்றியில் கறுப்பாக இறங்குகிறது. தலையணை உறையும் பாழ். ஷாம்பு போட்டால் சுத்தமாகப் போய்விடும்.

டப்பாவில் 'முடி வளர உதவும்' என்று அச்சடித்திருப்பதுதான் எனக்குக் கோபம். ஆபரேஷனும் வேகமான எடை இழப்பும் தரும் அதிர்ச்சியில் நிறைய முடி ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாக உதிர்கிறது, டெலோஜன் எஃப்ளூவியம் என்பார்கள். வேர் சாவதில்லை. தலையில் தூவும் பொடிக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. எனக்கு ரத்தப் பரிசோதனையில் ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது) குறைவாக இருந்தது, ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்று டயட்டீஷியன் சொன்னதில் பாதியைக்கூட நான் எட்டவில்லை. அதைச் சரிசெய்தேன், இரும்பு மாத்திரையைக் கால்சியத்தோடு சேர்க்காமல் இரண்டு மணி நேரம் தள்ளிப் போட்டேன். அப்புறம், முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை எடுப்பவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், தைராய்டு முடிவையே தப்பாகக் காட்டிவிடும்.

ஒன்பதாம் மாதம் வகிட்டோரம் குட்டி குட்டியாக முடி நிமிர்ந்து நின்றதைப் பார்த்து அழுதேவிட்டேன். இப்போது வெளியே போகிற நாட்களில் மட்டும் பவுடர். இரண்டாவது டப்பா பாதியில் இருக்கிறது, மூன்றாவது வாங்கப் போவதில்லை.