ஆறு வருடம் முன்சக்கரம், நாலு வருடம் பின்சக்கரம்

பழைய காரை விற்பதற்கு முந்தின நாள் கழுவிக்கொண்டிருந்தபோது முன் டயரின் வெளி ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். ரம்பப் பல் மாதிரி கையில் உரசியது. பின் டயர்களில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. ஆறு வருடமும் இதே கதைதான். வண்டியின் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் முன்பக்கம். இழுப்பதும் திருப்புவதும் அதே இரண்டு டயர்தான், பிரேக் போட்டால் பெரும் பாரமும் அவற்றின் மேல்தான். தேயாமல் என்ன செய்யும்?

அது 2 லிட்டர் டர்போ (காற்றை அழுத்தி ஊட்டிச் சக்தியைக் கூட்டும் எஞ்சின்) ஹாட் ஹேட்ச், அதாவது வேகமான சின்ன ஹேட்ச்பேக். ஃப்ரண்ட் வீல் டிரைவ், எஞ்சின் சுற்றுவது முன்சக்கரங்களை. இப்போது நாலு வருடமாக ஓட்டுவது ரியர் வீல் டிரைவ் கூபே, இரண்டு கதவு கார், எஞ்சின் சுற்றுவது பின்சக்கரங்களை. இதுவும் 2 லிட்டர்தான், ஆனால் டர்போ கிடையாது. நேர் சாலையில் பழையது இதை ஓரங்கட்டிவிட்டுப் போய்விடும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ரியர் வீல் என்றாலே அதிக வேகம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள்.

நான் கண்ட வித்தியாசமெல்லாம் 40 கிலோமீட்டர் வேகத்தில், இரண்டாம் கியரில், வளைவை விட்டு வெளியே வரும் இரண்டு மூன்று விநாடிக்குள்தான். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எடை பின்னால் சாயும். முன்சக்கர வண்டியில் இழுக்க வேண்டிய டயர் சரியாக அந்த நேரத்தில் லேசாகிறது. பழைய காரில் கொஞ்சம் அவசரப்பட்டு மிதித்தால் உள்பக்க முன் டயர் சும்மா சுற்றும், மூக்கு வெளியே போகும், ஸ்டியரிங் கையில் வெட்டி இழுக்கும். இந்த இழுப்புக்குத்தான் டார்க் ஸ்டியர் என்று பெயர். எஞ்சின் குறுக்காக உட்கார்ந்து, கியர்பாக்ஸ் ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பதால் சக்கரங்களைச் சுற்றும் இரண்டு தண்டும் (டிரைவ் ஷாஃப்ட்) ஒரே நீளம் இருப்பதில்லை. காரணங்களில் அது ஒன்று.

1976-இல் விற்பனைக்கு வந்த முதல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ ஹாட் ஹேட்ச்சுக்கு 110 குதிரைத்திறன். அந்த அளவுக்கு இது பெரிய தொல்லை இல்லை. குதிரைத்திறன் 300-ஐத் தொட்டபோது தனி வைத்தியம் தேவைப்பட்டது. 2009 ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ்ஸில் ரெவோநக்கிள் என்ற அமைப்பு வந்தது. சக்கரம் திரும்பும் அச்சைச் சக்கரத்தின் நடுப்பகுதிக்கு நெருக்கமாகக் கொண்டுவந்து, அந்த இழுப்பைக் குறைத்தார்கள். கூடவே லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலும் உண்டு, ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றாமல் சக்தியை மற்றதுக்கும் தள்ளும் பாகம். என் காரில் அது இல்லை. அது இருக்கும் நண்பரின் ஹாட் ஹேட்ச்சை ஒருநாள் ஓட்டிப் பார்த்தபோதுதான் எதை இழந்திருக்கிறேன் என்று புரிந்தது. வளைவின் நடுவில் மிதித்தால் மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது! ஃப்ரண்ட் வீல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் சன்ரூஃபை விட்டுக்கொடுத்தாவது இதை வாங்குங்கள்.

கூபேக்கு வந்தால், ஸ்டியரிங்குக்குத் திருப்புகிற வேலை மட்டும்தான். முதல் வாரம் அது பொம்மை கார் போல லேசாக, வெறுமையாக இருந்தது. ஒரு மாதத்தில் சாலையின் சொரசொரப்பு உள்ளங்கைக்கு வர ஆரம்பித்தது. வளைவை முடிக்கும்போது வலது காலை ஒரு நூல் அழுத்தினால் இடுப்புக்குக் கீழே வண்டி உட்கார்ந்து தள்ளுவது தெரியும். இந்தச் சுகத்துக்கு வேகம் வேண்டாம், ரேஸ் டிராக்கும் வேண்டாம். டொயோட்டா 86 என்ற ரியர் வீல் கூபே 2012-இல் வந்தபோது 215 மில்லிமீட்டர் அகல டயர்தான் போட்டிருந்தார்கள். 200 குதிரைத்திறனுக்கு இது போதுமா என்று அப்போது சிரித்தவர்களில் நானும் ஒருவன். போதும் என்று இப்போது புரிகிறது.

மழையில் கதை வேறு. பழைய காரில் ஈரச் சாலையில் மூக்கு வழுக்கினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒருமுறை இறக்கத்து வளைவில் வேகமாக நுழைந்துவிட்டு, பயந்து சட்டென்று காலை எடுத்தேன். எடை முன்னால் பாய்ந்து பின்பக்கம் அப்படியே சுழன்று வந்தது. எதிரே யாரும் இல்லை, தப்பித்தேன். 80-களின் பெஜோ 205 ஜிடிஐ இந்தக் குணத்துக்கே பேர் போனது. முன்சக்கர வண்டி என்றால் வால் ஆட்டாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கூபேயிலும் முதல் மழையிலேயே பின்பக்கம் நழுவியது. வண்டி சறுக்கினால் தானே பிடித்து நிறுத்தும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலின் விளக்கு மூன்று முறை மினுக்கி, அதுவே சரிசெய்துகொண்டது. அன்றிலிருந்து டயர் பள்ளம் 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மழைக்காலம் வரை காத்திருக்காமல் மாற்றிவிடுகிறேன். ஒரு ஆறுதல், இதில் நாலு டயரும் ஏறக்குறைய ஒன்றாகத் தேய்கின்றன.

இடவசதி? பேசவே வேண்டாம். நடுவில் எஞ்சின் சக்தியைப் பின்னால் கொண்டுபோகும் தண்டுக்கான (புரொப்பெல்லர் ஷாஃப்ட்) மேடு, பின் சீட்டில் பை வைக்கலாம், ஆள் உட்கார முடியாது. பிஎம்டபிள்யூ 1 சீரிஸே 2019-இல் முன்சக்கரத்துக்கு மாறியதற்கு இடமும் ஒரு காரணம். அதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் குறை சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் குழந்தை சீட் வந்த பிறகு, அன்றாட ஓட்டத்துக்கு நானும் பவர் குறைந்த ஒரு முன்சக்கர ஹேட்ச்சை வாங்கி நிறுத்தியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் கூபே சாவியைத் தேடுகிறேன்.