உப்புக்காத்துல எது நிக்கும்? ஆவாரை, இட்லிப்பூ, சங்கங்குப்பி – ஒரு வாசல் தோட்டத்துப் பஞ்சாயத்து

ராம்நாடு ஜில்லா உச்சிப்புளிப் பக்கம் வீடு கட்டி காம்பவுண்டு சுவரும் எழுப்பினப்புறம் வாசப்படிக்கு இடதுபக்கம் பத்தடிக்கு நாலடி இடம் சும்மா கெடந்துச்சு, அதுல என்ன வைக்கிறதுன்னு வீட்டுல ஆளுக்கொரு பேச்சு. என் கண்டிஷன் மூணுதான். ஜன்னல மறைக்காம இடுப்பு உயரத்துல நிக்கணும், நம்ம மண்ணோட செடியா இருக்கணும், ஒரு மாசம் பூத்துட்டு மிச்ச பதினோரு மாசம் வெறும் குச்சியா நின்னு மானத்த வாங்கக்கூடாது.

மதினி "காகிதப்பூ வையி, தண்ணியே ஊத்த வேணாம்"னாங்க. தப்பு சொல்ல முடியாது, ராம்நாடுல இருந்து பாம்பன் வரைக்கும் ரோட்டோரம் பாதி வீட்டுல அதான் தொங்குது, உப்புக்கும் அசையாது. ஆனா அது தென் அமெரிக்காச் செடி. கடலோரம் தானா மொளைச்சு கெடக்குதேன்னு நாம சொந்தம் கொண்டாடுற நித்தியகல்யாணியும் மடகாஸ்கர்ல இருந்து வந்ததுதான், சுடுகாட்டு மல்லின்னு பேரெல்லாம் வச்சு நம்மாளாவே ஆக்கிட்டோம். வெளியூர்ச் செடின்னாலே விரோதின்னு நான் சொல்லல, ஆனா சீமைக்கருவேலத்த வரவிட்டு நம்ம ஜில்லா பட்டது போதும்னு ஒரு எண்ணம் எனக்கு.

மாமியார் ஓட்டு மல்லிக்கு. மதுரைக்காரங்களே நாத்துக்கு தங்கச்சிமடம் வர்றாங்க, நாம மல்லி வைக்காம இருந்தா எப்படிம்பாங்க. பங்குனியில இருந்து ஆடி வரைக்கும் மல்லிய அடிச்சிக்க ஆளில்ல, வாசனை தெருமுனை வரைக்கும் போகும். ஆனா கார்த்திகையில கவாத்து பண்ணி முழங்கால் உயரத்துக்கு வெட்டி விட்டுட்டா தை மாசம் வரைக்கும் வாசல்ல மொட்டைக் குச்சிதான் நிக்கும், பொங்கலுக்கு வர்ற சொந்தக்காரங்க எல்லாம் அதத்தான் பாப்பாங்க. அதனால மல்லிக்கு கொல்லப்பக்கம்னு சமாதானம் ஆச்சு. வாசலுக்கு மிஞ்சினது மூணு பேரு, இட்லிப்பூ, ஆவாரை, சங்கங்குப்பி.

செடிக்கு முன்னாடி மண்ணப் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா இங்க பாதிச் செடி மண்ணாலதான் சாகுது. வாசல் மண்ணுல ஒரு பிடி எடுத்து அதுல கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்க, சோடா மாதிரி பொங்குச்சுன்னா சுண்ணாம்பு மண்ணு. நம்ம கடற்கரை மணல்ல சிப்பியும் சங்கும் பவளக்கல்லும் அரைபட்டுக் கெடக்குது, எங்க வீட்டு மண்ணு நல்லாவே பொங்குச்சு. அதுக்கு மேல போர் தண்ணி வேற உப்பு, மழைன்னா ஐப்பசி கார்த்திகையில கொட்டுறதுதான், மிச்ச மாசமெல்லாம் வெயில், ஆனி ஆடியில மணல வாரி மூஞ்சில அடிக்கிற காத்து.

இட்லிப்பூ, அதான் வெட்சி, படத்துல பாக்க இதுதான் ஜெயிக்கணும். தென்னிந்தியாவும் இலங்கையும்தான் இதோட சொந்த ஊரு, முருகனுக்கு உகந்த பூ, வருசம் பூரா கொத்து கொத்தா செவப்பு, பூ முடிஞ்சா பழம், அதத் தின்ன கொண்டைக்குருவி வரும், எல எப்பவும் பச்சை. எல்லாம் சரிதான், ஆனா அது புளிப்பு மண்ணு கேக்குற செடி. சுண்ணாம்பு மண்ணுல இரும்புச்சத்து இருந்தாலும் வேரால உறிஞ்ச முடியாது, அதனால புது எல மஞ்சளா வரும், நரம்பு மட்டும் பச்சையா தெரியும். நான் ரெண்டு செடி வச்சேன், நாலாவது மாசமே அந்தக் கோலம். அன்னபேதிய, அதான் இரும்புச்சத்து உப்ப, லிட்டருக்கு அஞ்சு கிராம் கரைச்சு எலமேல அடிச்சா பச்சை திரும்பும், ஆனா அடுத்து வர்ற தளிரு மறுபடி மஞ்சள், அப்புறம் திரும்ப அடி, இப்படியே ஒரு நோயாளிய வச்சுப் பாக்குற மாதிரி. அன்னபேதிய மண்ணுல போட்டா சுண்ணாம்பு அதக் கட்டிப்போட்டுரும், காசு வேஸ்ட். போதாக்குறைக்கு ஆடிக் காத்துல எல ஓரமெல்லாம் கருகிப் போச்சு. கடைக்காரரு "குட்டை ரகம் இருக்கு, அத வைங்க"ன்னாரு, அந்தக் குட்டி எல ரகமெல்லாம் பெரும்பாலும் கலப்பு, நாட்டு வெட்சி இல்ல. இட்லிப்பூ மேல ஆசை விடலன்னா பெரிய தொட்டியில செம்மண்ணு, மக்குன சாணி போட்டு, காத்துபடாத திண்ணையோரம் வச்சு மழைத்தண்ணியோ குடிதண்ணியோ ஊத்துங்க. தரையில வைக்காதீங்க.

ஆவாரை. இதச் சொன்னதுக்குத்தான் வீட்டுல சிரிச்சாங்க. "தரிசுல கெடக்குறத போயி வாசல்ல வைப்பாங்களா, காசு குடுத்து நாத்து வேற கேக்குறான் பாரு"ன்னு மாமியார். உண்மைதான், சாயல்குடி ரோட்டுல போனா ரெண்டு பக்கமும் தானாத்தான் நிக்குது, யாரும் தண்ணி ஊத்தல, உரம் போடல. நான் அதையேதான் சர்டிபிகேட்டா எடுத்துக்கிட்டேன்.

ஆவாரையோட அழகு என்னன்னா பூ மட்டும் பாத்தா பாதிதான் பாத்தீங்க. மழை நின்னதும் கார்த்திகை மார்கழியில கிளை நுனியெல்லாம் பொன் மஞ்சள், பொங்கலுக்கு காப்பு கட்ட பூளை வேப்பிலையோட சேத்து வாசல்ல சொருக நம்ம செடியிலயே ஒடிச்சுக்கலாம். அது முடிய தட்டையா காய் தொங்கும், காய்ஞ்சு பழுப்பாகி பங்குனிக் காத்துல கிலுகிலுன்னு சத்தம் போடும், எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும், எங்க வீட்டு அம்மாவுக்கு பிடிக்காது. எலக்காம்பு அடியில காது மாதிரி ரெண்டு மடல் இருக்கும் பாருங்க, சயின்ஸ் பேருல வர்ற ஆரிகுலேட்டாங்கிற வார்த்தைக்கே காதுடையதுன்னுதான் அர்த்தம். அப்பப்ப கொஞ்சம் தண்ணி காட்டுனா கோடையிலயும் அங்கங்க பூ வச்சுக்கிட்டே இருக்கும்.

காலையில ஏழு எட்டு மணிக்கு பக்கத்துல நின்னா இன்னொரு வேடிக்கை. பெரிய கருவண்டு வந்து பூவ இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ர்ர்ர்னு அதிரும். இந்தப் பூவுல தேனே கிடையாது, மகரந்தப் பை நுனியில சின்ன ஓட்டைதான், அத உலுக்குனாதான் தூளு கொட்டும், அதுக்குத்தான் அந்த அதிர்வு. மஞ்சக்கலர் பட்டாம்பூச்சி வந்து எலயில முட்ட போட்டுட்டுப் போகும், பச்சைப் புழு எலயக் கடிக்கும். மருந்து அடிக்காதீங்க, ஒரு மழைக்கு செடி திரும்பத் தழைச்சுரும்.

கொறையும் சொல்லணும். நட்டு வச்சு வேடிக்கை பாக்குறவங்களுக்கு இது இல்ல, சும்மா விட்டா ஆள் உயரத்துக்கு மேல கூட போயி அடியில மொட்டையா நிக்கும். காய் முடிஞ்சதும், வைகாசி வாக்குல, பச்சை இருக்குற எடத்துக்கு மேல மூணுல ஒரு பங்கு வெட்டுனா குட்டையா அடர்ந்து வரும், மரமாகிப்போன தண்டுல கத்தி வைக்காதீங்க. தண்ணி தேங்குனா வேர் அழுகிரும். அப்புறம் பூவ காயவச்சு டீ போடுறது, "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ"ன்னு பழமொழியே இருக்குதான், அதுக்காக சுகர் மாத்திரைய நிறுத்திட்டு இதக் குடிச்சுக்கிட்டு ஒக்காந்துராதீங்க.

சங்கங்குப்பி, சில ஊர்ல பீச்சங்குன்னு சொல்லுவாங்க. உண்மையான கடல்புறத்துச் செடி இதுதான், காய்ல தக்கை மாதிரி தோலு, கடல்ல மிதந்து போயி வேற கரையில மொளைக்கும். உப்புத் தண்ணி, சுண்ணாம்பு மண்ணு, காத்து எதையும் கண்டுக்காது, கசப்பும் ஒரு மாதிரி வாடையும் இருக்குறதால ஆடு வாய் வைக்காது, நம்ம தெருவுல ஆடு எப்படித் திரியும்னு தெரிஞ்சவங்களுக்கு இதோட மதிப்பு புரியும். குச்சிய ஒடிச்சு ஈர மணல்ல நட்டாலே வேர் விட்டுரும். மூணு மூணா வெள்ளைப் பூ, அதுல இருந்து செவப்பா நீட்டிக்கிட்டு மகரந்தக் கம்பி, சாயங்காலம் அந்துப்பூச்சி வரும். வருசத்துல பெரும்பாலான நாள் பூ இருக்கும், ஆனா உண்மையச் சொல்லணும்ல, ஆவாரை மாதிரி தூரத்துல இருந்து கண்ண இழுக்காது, கிட்டப் போனாத்தான் அழகு. கத்திரி போட்டு வேலி மாதிரி வெட்டுனா பூ கொறையும், ஏன்னா பூ வர்ற நுனியத்தான நாம வெட்டுறோம். விட்டா கிளை தரையில பட்ட எடமெல்லாம் வேர் விட்டு புதராயிரும்.

கனகாம்பரம் ஏன் லிஸ்ட்ல இல்லன்னு கேப்பீங்க. முழங்கால் உயரம், நாட்டுச் செடி, வருசம் பூரா பூ, பேப்பர்ல இதுதான் ஃபர்ஸ்ட். ஆனா வேரத் தாக்குற நூற்புழுவும் வாடல் நோயும் மணல் மண்ணுல சீக்கிரம் புடிச்சுருது, உப்புத் தண்ணியும் ஆகாது. ரெண்டு வருசத்துக்கு ஒருதரம் புதுசா வைக்க மனசிருந்தா சரி. செம்முள்ளி நல்லாத் தாங்கும், ஆனா முள்ளு, எங்க வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கு.

கடைசியா நான் பண்ணது, கடலப் பாத்த தெக்குப் பக்கம் சுவரோரம் சங்கங்குப்பி மூணு, அது காத்துக்கு மொதல்ல நெஞ்சக் குடுக்கும், அதுக்கு உள்வாங்கி வாசலப் பாத்து ஆவாரை ரெண்டு, மூணடி இடைவெளியில. ஒண்ணுதான் வைக்க எடம்னா, கடல்ல இருந்து கூப்பிடு தூரத்துல இருக்குற மண்டபம், தங்கச்சிமடம் வீடுகளுக்கு கண்ண மூடிக்கிட்டு சங்கங்குப்பி, கொஞ்சம் உள்ள தள்ளி இருந்தா ஆவாரை.

ஆவாரைய நாத்தா புடுங்கி நடாதீங்க, ஆணிவேர் அறுந்தா பொழைக்காது. வெதைய சூடான தண்ணியில போட்டு ராத்திரி பூரா ஊற விட்டு, புரட்டாசி கடைசியில நேரா குழியிலயே போடுங்க, ஐப்பசி மழை மிச்சத்தப் பாத்துக்கும். குழியில ரெண்டு சட்டி கண்மாய் வண்டல் கலந்தா மணல் ஈரத்தப் புடிச்சு வைக்கும். மொத வருசம் காத்துப்பக்கம் பனையோலைத் தட்டி ஒண்ணு சாத்தி வச்சேன். போர் தண்ணிய எலமேல தெளிக்காம வேருல மட்டும் ஊத்துங்க, அடியில காஞ்ச சருகு பரப்புங்க, இல்லாட்டி வெயில்ல தண்ணி ஆவியாகி உப்பு மட்டும் மேல வெள்ளையா நிக்கும்.

இது மூணாவது வருசம். போன பொங்கலுக்கு காப்பு கட்ட பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க ஆவாரம்பூ கேட்டு வந்துச்சுங்க, நான் எந்திரிக்கிறதுக்குள்ள மாமியாரே ஒடிச்சுக் குடுத்துட்டு "இந்தப் பக்கம் ஒடிக்காத, அது மொட்டு வச்சிருக்கு"ன்னு வெரட்டிக்கிட்டு இருந்தாங்க.