மூன்று மில்லிமீட்டர் ஆலன் கீயும் ஐந்து சனிக்கிழமைகளும்

பள்ளிக்குக் கம்பெனிக்காரர்கள் சேவை செய்ய வருகிறார்கள் என்றாலே எனக்கு முதலில் ஞாபகம் வருவது பேனர்தான். அதைக் கட்ட ஆணி, கயிறு, ஏணி எல்லாம் என்னிடம்தான் கேட்பார்கள். இயற்பியல் ஆய்வகத்தில் 22 வருடமாக உதவியாளராக இருக்கிறேன். சுவரில் கை எட்டுகிற உயரம் வரை மட்டும் பெயின்ட் அடித்துவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். செடி நட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றும் வேலையை எங்கள் தலையில் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். கணினி கொடுத்துவிட்டு அதன் பாஸ்வேர்டைக் கொடுக்க மறந்தவர்களும் உண்டு. விமானப் பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் ஐந்து சனிக்கிழமை வந்து ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசப் பயிற்சி தரப்போகிறார்கள் என்று தலைமையாசிரியை சொன்னதும், நான் பேசாமல் ஏணியை எடுத்து வெளியே வைத்தேன்.

இந்தப் பயிற்சியைத் தங்கள் பள்ளிக்குக் கேட்கலாமா என்று இப்போது சில பள்ளிக்காரர்கள் என்னிடம் விசாரிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் சனிக்கிழமை நான் நினைத்த மாதிரியேதான் போனது. 54 ஸ்லைடு. எண்ணிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன், வேறு வேலை இல்லை. குழுப்பணி, தலைமைப் பண்பு, சமூகப் பொறுப்பு என்று மூன்று தலைப்பு. 1979இல் இந்தியாவின் எஸ்எல்வி-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டதும், அடுத்த வருடம் வெற்றி கிடைத்தபோது திட்டத்தின் தலைவர் கலாமை முன்னால் நிறுத்தியதும் எப்படியும் வரும் என்று காத்திருந்தேன். அதுகூட வரவில்லை. நிறுவனத்தின் விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு புகைப்படக்காரர் வந்திருந்தார். ஒரே கைகுலுக்கலை நான்கு முறை எடுத்தார். கடைசி வரிசைப் பிள்ளைகள் அழிப்பான் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அன்றோடு முடிந்திருந்தால் இந்தச் சேவைக்கு நான் ஐந்துக்கு ஒன்றுகூடக் கொடுத்திருக்க மாட்டேன்.

இரண்டாவது வாரம் வந்தவர்கள் வேறு ஆட்கள். ஷாப் ஃப்ளோரிலிருந்து, அதாவது பாகங்களைச் செய்யும் தொழிற்கூடத்திலிருந்து பதினான்கு பேர், மூன்று டிரங்குப் பெட்டி, ஸ்லைடு கிடையாது. பேனரையும் கொண்டுவரவில்லை. தலைமை தாங்கியவர் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண். பேச்சு ரொம்பக் குறைவு. பிள்ளைகள் முதல் மணி நேரத்திலேயே அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

அக்கா முதலில் செய்த வேலை, எல்லோரையும் மைதானத்தின் ஒரு ஓரத்தில் கைநீட்டும் இடைவெளியில் வரிசையாக நிறுத்தியது. மறு ஓரம் வரை தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக நடக்க வேண்டும், தரையில் கிடப்பதையெல்லாம் பொறுக்க வேண்டும். விமானத் தொழிலில் இதை எஃப்ஓடி வாக் என்கிறார்கள். இருக்கக்கூடாத இடத்தில் கிடக்கும் பொருளால் வரும் சேதம்தான் எஃப்ஓடி. எதற்கு இவ்வளவு பாடு என்று ஒரு பையன் கேட்டான். 2000 ஜூலையில் பாரிஸில் நடந்த கான்கார்ட் பயணிகள் விமான விபத்தை அக்கா சொன்னார். முன்னால் போன வேறொரு விமானத்திலிருந்து ஓடுபாதையில் விழுந்த டைட்டானியம் பட்டை ஒன்று, நீளம் 43 சென்டிமீட்டர்தான். கான்கார்டின் சக்கரம் அதன்மேல் ஏறி டயர் கிழிந்தது. டயர்த் துண்டு இறக்கையில் அடித்து, எரிபொருள் கசிந்து தீப்பிடித்தது. 113 பேர் இறந்தார்கள். சொல்லி முடித்துவிட்டு, தன் ஸ்கேலைவிடக் கொஞ்சம்தான் நீளம் என்று காட்டச் சொல்லி அந்தப் பையன் கையிலேயே ஸ்கேலைக் கொடுத்தார். எங்கள் மைதானத்தில் அன்று கிடைத்தவை: பதினொரு பாட்டில் மூடி, உடைந்த காம்பஸ் ஒன்று, ஊக்குகள், ஒரு பக்கத் தோடு. தோடு யாருடையது என்று இன்னும் தெரியவில்லை.

அடுத்தது ரிவெட், தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணி. இதைச் சொல்லிக்கொடுத்தவர் முடி நரைத்த ஒரு டெக்னீஷியன். கூட்டத்தில் பேசக் கூச்சப்படுகிறவர் என்று பார்த்தாலே தெரிந்தது. ஆனால் பயிற்சி முழுக்க எனக்குப் பிடித்த அரை மணி நேரம் அவருடையதுதான். தகட்டின் இந்தப் பக்கம் ஒருவர் துப்பாக்கி மாதிரியான கருவியால் அடிக்க, அந்தப் பக்கம் இன்னொருவர் கனமான இரும்புக்கட்டியை முட்டுக்கொடுத்துப் பிடிப்பாராம். இடையில் தகடு மறைக்கும், முகம் தெரியாது, சத்தத்தில் பேச்சும் கேட்காது. பின்னால் இருப்பவர் தகட்டில் தட்டித்தான் பதில் சொல்வார். அவர்கள் பிரிவில் ஒரு தட்டு என்றால் இன்னும் அடி, இரண்டு என்றால் சரி, மூன்று என்றால் கெட்டுப்போச்சு, பிடுங்கு. ஒரு பலகையை நடுவில் நிறுத்தி, இரண்டு பக்கமும் பிள்ளைகளை உட்காரவைத்து, சுத்தியலும் மரக்கட்டையும் கொடுத்து விளையாட வைத்தார். ஒரு ஜோடியில் பின்னால் இருந்த பெண் மூன்று முறை தட்டினாள். முன்னால் இருந்தவனுக்குக் கோபம், நன்றாகத்தானே அடித்தேன் என்றான். டெக்னீஷியன் சொன்னது ஒரே வரி: "பின்னாடி இருக்கிறவங்களுக்குத்தான்பா தெரியும்." 54 ஸ்லைடில் வராத குழுப்பணி இதில் வந்துவிட்டது.

மூன்றாவது வாரத்திலிருந்து தண்ணீர் ராக்கெட். கேஸ் பானம் வரும் பிளாஸ்டிக் பாட்டில்தான் வேண்டும். சாதாரணத் தண்ணீர் பாட்டில் மெல்லியது, அழுத்தம் தாங்காது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்ச இடத்தில் பம்பால் அடித்த காற்று. தண்ணீர் அதிகம் இருந்தால் அதிக உயரம் போகும் என்று அடம்பிடித்த ஒரு குழு முக்கால் பாட்டில் நிரப்பியது. யாரும் தடுக்கவில்லை. ராக்கெட் மாடி உயரம்கூடப் போகாமல் அவர்கள்மேலேயே தண்ணீரைக் கொட்டிவிட்டு விழுந்தது. மூக்கில் களிமண் வைத்து எடைமையத்தை முன்னால் கொண்டுவர வேண்டும். பிறகு எடைமையத்தில் நூல் கட்டித் தலைக்குமேல் சுழற்றிப் பார்க்க வேண்டும். மூக்கு முன்னால் பார்த்தபடி சுற்றினால் ராக்கெட் நேராகப் பறக்கும். குழுவுக்கு ஐந்து பேர், ஐந்து வேலை: பம்ப் அடிப்பவர், அழுத்தம் படிப்பவர், பாதுகாப்பு பார்ப்பவர், குறிப்பு எழுதுபவர், விழுந்ததை எடுத்து வருபவர். முதல் சுற்றில் எல்லாக் குழுவிலும் பம்ப் பையன்களிடம், நோட்டு பெண்களிடம். அக்கா ஒன்றும் சொல்லாமல் விசில் ஊதி, எல்லோரையும் ஒரு இடம் தள்ளி நிற்க வைத்தார். அப்புறம் ஒவ்வொரு ஏவுதலுக்கும் அதே விசில்தான்.

சரி, ஆலன் கீக்கு வருகிறேன். கருவிகளை அவர்கள் வைத்திருந்த பலகையில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் திருப்புளிக்கும் அதனதன் உருவம் கறுப்பாக வரையப்பட்டிருந்தது. எடுத்தால் அந்த இடத்தில் நிழல் மட்டும் தெரியும். எடுப்பவர் தன் எண் போட்ட வில்லையை அங்கே மாட்ட வேண்டும். மூன்றாவது சனிக்கிழமை, ராக்கெட்டுகள் எல்லாம் தயார், பிள்ளைகள் மைதானத்தில் துள்ளிக்கொண்டிருக்கிறார்கள். பலகையில் ஒரு நிழல் காலியாக இருந்தது, வில்லையும் இல்லை. ஏவுமேடையின் போல்ட்டை முடுக்கும் 3 மில்லிமீட்டர் ஆலன் கீ, வளைந்த அறுகோணக் கம்பி. பென்சில் துண்டு அளவு இருக்கும்.

"கிடைக்கிற வரைக்கும் எதுவும் பறக்காது" என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. என்னிடம் வேறொன்று இருக்கிறது, தருகிறேன் என்று நான் போய்ச் சொன்னேன். வேறொன்று வேண்டாம் சார், காணாமல் போனது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்றார். பதினான்கு பேரும் முட்டிபோட்டுத் தேடினார்கள், அதில் ஒருவர் அவர்கள் பிரிவின் மேலாளர், பேன்ட் முழுக்க மண். நாற்பது நிமிடம் போயிற்று. எனக்கே எரிச்சல் வந்தது. அப்போது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மெல்ல அக்கா பக்கத்தில் வந்து, "அக்கா, நான் களிமண்ணை அதாலதான் குத்தினேன்" என்றான். ராக்கெட்டின் மூக்கை டேப் பிரித்துத் திறந்தார்கள். களிமண்ணுக்குள் பாதி புதைந்து உட்கார்ந்திருந்தது கீ. அந்த ராக்கெட் நான்கு பார் அழுத்தத்தில் மேலே போய், மூக்கு கீழாக, இரும்போடு பிள்ளைகள் நடுவே இறங்கியிருக்கும்.

பையன் அழத் தயாராக நின்றான். அக்கா, "சொன்னதுக்கு நன்றிப்பா" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, பதிவேட்டைத் திறந்து எழுதினார். நான் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். பொருள், நேரம், கிடைத்த இடம். காரணம் என்ற கட்டத்தில் அவன் பெயர் வரும் என்று நினைத்தேன். 'களிமண் குத்துவதற்கு நாங்கள் குச்சி தரவில்லை' என்று எழுதியிருந்தது. அடுத்த வாரம் ஒவ்வொரு குழுவின் பெட்டியிலும் ஒரு மரக்குச்சி இருந்தது, பலகையில் அதற்கும் ஒரு நிழல்.

யார் வேண்டுமானாலும் நிறுத்து என்று சொல்லலாம் என்பது அவர்கள் விதி. பேச்சுக்குத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். நான்காவது வாரம், எண்ணிக்கை இரண்டுக்கு வந்தபோது குறிப்பு எழுதிக்கொண்டிருந்த சின்னப் பெண் நிறுத்து என்று கத்தினாள். மைதானத்துக்குள் நாய் வந்திருந்தது. மேலாளர் கை அந்த நொடியே கயிற்றை விட்டது. நாய் கிளம்பும்வரை காத்திருந்தபோது 1989இல் அமெரிக்காவின் சூ சிட்டியில் நடந்ததைச் சொன்னார். டிசி-10 பயணிகள் விமானம் ஒன்றின் வால் எஞ்சின் வெடித்து, விமானத்தைத் திருப்பும் ஹைட்ராலிக்ஸ் (எண்ணெய் அழுத்த அமைப்புகள்) மூன்றும் போய்விட்டன. பயணியாக வந்திருந்த ஒரு விமானப் பயிற்சியாளர் உதவட்டுமா என்று கேட்க, கேப்டன் அவரை உள்ளே கூப்பிட்டு எஞ்சின் விசைகளை அவர் கையிலேயே கொடுத்தார். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். நானே கேப்டன் என்று உட்கார்ந்திருந்தால் கணக்கு வேறு என்றார்.

குறைகளும் இருக்கின்றன. நான்காவது வாரம் பாதிப் பேர் வரவில்லை, தொழிற்சாலையில் டெலிவரி நெருக்கடியாம். புதிதாக வந்தவர்களுக்குப் பிள்ளைகள்தான் விதிகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஐந்தாவது வாரத்தோடு பெட்டிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு ஏவுமேடையாவது விட்டுவிட்டுப் போயிருக்கலாம், இப்போது பிள்ளைகள் பாட்டிலை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார்கள். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தவறினால் பாகத்தையே ஒதுக்குகிறவர்கள், சான்றிதழில் நான்கு பிள்ளைகளின் பெயரைத் தப்பாக அச்சடித்திருக்கிறார்கள். திருத்தித் தருகிறோம் என்றார்கள், இன்னும் வரவில்லை.

கேட்கப்போகிற பள்ளிகள் முதல் வார ஸ்லைடை வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். ஷாப் ஃப்ளோர் ஆட்கள்தான் வேண்டும் என்று கேளுங்கள். கேஸ் பானப் பாட்டில்களை ஒரு மாதம் முன்பிருந்தே சேர்க்கத் தொடங்குங்கள், கடைசி நேரத்தில் கிடைக்காது. ஸ்லைடைக் கழித்துவிட்டால் ஐந்துக்கு நான்கரை தருவேன்.

கடைசி வாரம் அவர்கள் போன பிறகு ஆய்வகத்தைப் பூட்டும்போது எடைப்பெட்டியைத் திறந்தேன். அதில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு குழி இருக்கும், 2 கிராமுக்கு இரண்டு குழி. ஒன்று நான்கு வருடமாகக் காலி. 4 கிராம் வேண்டுமென்றால் பிள்ளைகள் மில்லிகிராம் தகடுகளையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து ஒப்பேற்றுவார்கள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன். ஒரு பழைய நோட்டில் கட்டம் போட்டேன். பொருள்: 2 கிராம் எடைக்கல், ஒன்று. கிடைத்த இடம்: இல்லை. காரணம்: பெட்டியைத் திரும்ப வாங்கும்போது நான் எண்ணவில்லை.

திங்கட்கிழமை தலைமையாசிரியையிடம் கொண்டுபோய் நீட்டினேன். படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"நாலு வருஷமாவா?"

"ஆமாம் மேடம்."